கால் உளைவு

எங்கள் பேச்சுத் தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நோ, உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, பிடிப்பு. காது குத்தும், கண் கடுக்கும், நெஞ்சு எரியும், நாரி பிடிக்கும். கால் உளையும். இவற்றுள் நெஞ்செரிவுக்கும் காதுக்குத்துக்கும் டொக்டரிடம் போவார்கள். கால் உளைவுக்கு யாரும் போய் நான் கண்டதில்லை. வேலை செய்த கால் உளையும். பிள்ளை பெற்றவளின் கால் உளையும். கோயிலில் நின்ற கால் உளையும். படுக்கப் போகும்போது கொஞ்சம் எண்ணெய் தடவிச் சுடுதண்ணீர் ஊற்றினால் சரி. உளைவு என்பது எம் பெண்களுக்கு நோயல்ல, நாள் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

இதை எழுதவேண்டி வந்ததற்குக் காரணம், இந்த உளைவுக்குள் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம் என்பதுதான். டொச்சில் அதை லிப்போடேம் என்கிறார்கள் (ஓவுக்கு மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதுவார்கள்). ஏறத்தாழ முழுக்க முழுக்கப் பெண்களுக்கே வருவது. இடுப்புக்குக் கீழே, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அளவுக்கு மீறித் திரள்கிறது. சிலருக்குக் கைகளிலும் சேரும். 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த அலன், ஹைன்ஸ் என்ற இரண்டு டொக்டர்கள் இதை முதலில் விவரித்து இந்தப் பெயரை வைத்தார்கள். பெயரின் பின்பாதி நீர்வீக்கத்தைக் குறிப்பது. அது பொருத்தமில்லாத பெயர் என்று இப்போது சொல்கிறார்கள், ஏனென்றால் இந்தக் காலில் இருப்பது தண்ணீர் அல்ல. ஆனபடியால்தான் தண்ணீர் போகிற குளிசை எடுத்தும் கால் வற்றவில்லையே என்று எம் பெண்கள் குழம்புகிறார்கள். அந்தக் குளிசையால் இதற்குப் பலனில்லை.

அடையாளம் என்ன? முதலாவது, இரண்டு காலும் ஒரேமாதிரி இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அது வேறு விஷயம், அதிலும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இரண்டாவது, பாதம் தப்பிவிடும். கெண்டைக்கால் உருண்டு திரண்டு வந்து, கொலுசு போடும் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அங்கே ஒரு மடிப்பு, அதற்குக் கீழே வேறு யாரோ ஒருவருடைய பாதம் போல மெல்லிய பாதம். சப்பாத்துக் கடையில் 37ஆம் நம்பர் அளவாக இருக்கும், ஆனால் காற்சட்டை முழங்காலைத் தாண்டி ஏறாது. மேலுடம்பு ஒரு சைஸ், கீழுடம்பு இரண்டு மூன்று சைஸ் கூட. மூன்றாவது, தொட்டால் நோகும். மெல்லக் கிள்ளினாலும், பிள்ளை மடியில் ஏறிக் குதித்தாலும் நோகும். நான்காவது, எங்கே இடித்தோம் என்று நினைவில்லாமலே தொடையில் நீலம் நீலமாகக் கன்றியிருக்கும்.

பெரும்பாலும் இது தொடங்குவது பெரியபிள்ளையாகும் காலத்தில். அல்லது பிள்ளைப்பேற்றோடு. அல்லது மாதவிடாய் நிற்கும் வயதில். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதைப் பல குடும்பங்களில் காணலாம். இதில் எம்மவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரியபிள்ளையானவளுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து இடுப்பைப் பலப்படுத்துவது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு அவளுடைய தொடை பருத்தால் யார் சந்தேகிப்பார்கள்? களி வேலை செய்திருக்கிறது என்று அம்மம்மா சந்தோசப்படுவார். சாமத்தியச் சடங்கு வீடியோவில் பதின்மூன்று வயதுப் பிள்ளை பட்டுச்சேலைக்குள் நிற்பாள். அதற்குப் பிறகு சேலையும் பஞ்சாபியும் அந்தக் கால்களை எல்லோரிடமிருந்தும், அவளுடைய தாயிடமிருந்தும்கூட, மறைத்துவிடும்.

சேலையை நான் குறை சொல்லவில்லை. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேருக்கு எசனிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் போகும் பெண்களுக்கு அன்று ஒருநாளாவது கால் எப்படித் தெரிகிறது என்ற கவலை இல்லை. ஆனால் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றுவிட்டு, திரும்பும் ரெயினில் செருப்பைக் கழற்றிவிட்டு, முன் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பாருங்கள். சூடும் நிற்பதும் இந்த நோய்க்கு ஆகாதவை. "கால் உளைஞ்சு சாகுது" என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "எனக்கும்தான்" என்பார். கதை அதோடு முடிந்தது.

வேறு ஒரு பயமும் இருக்கிறது. ஊரில் கால் பருத்தவள் என்றால் யானைக்கால் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே வெளியில் சொல்லாமல் இருந்தவர்கள் பலர். யானைக்கால் நுளம்பு காவும் புழுவினால் வருவது, நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பது, பாதத்தையும் சேர்த்து வீங்கவைப்பது. இலங்கையில் அது இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. லிப்போடேம் தொற்றாது, புழுவும் நுளம்பும் அதில் இல்லை. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பெருவிரலுக்கு அடுத்த கால்விரலின் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். நிணநீர் தேங்கிய காலில் தோல் தடித்துப்போய்த் தூக்க வராது. லிப்போடேம் காலில் சாதாரணமாகத் தூக்கலாம். ஸ்ரெமர் என்ற டொக்டரின் பெயரால் அழைக்கப்படும் சோதனை இது. யானைக்கால் என்று பயந்திருப்பவருக்கு அரை நிமிடத்தில் பாதி ஆறுதல் கிடைக்கும். மீதியை டொக்டர்தான் சொல்லவேண்டும்.

நான் வேலை செய்யும் சமையலறையில் சலாட் வெட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். வயது 46. சமையலறையில் யாருக்குமே கதிரை கிடையாது. அடுப்பு ஒரு பக்கம், பாத்திரம் கழுவும் மெசினின் ஆவி மறுபக்கம். ஒன்பதாவது மணித்தியாலத்தில் அக்கா மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நிற்பார். கேட்டால் "உளையுது பிள்ளை, வேறை ஒண்டுமில்லை" என்பார்.

அவர் டொக்டரிடம் போகாமல் இருந்தவரல்ல. பதினைந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுவாகக் காஸ காசு கொடுப்பதில்லை. ஆகவே எங்கள் தாய்மாரின் வருத்தங்களையெல்லாம் டொச்சில் சொல்லியது எங்கள் பிள்ளைகள்தான். அன்று நடந்ததை அந்தப் பிள்ளையே எனக்குச் சொன்னாள். தாய் சொன்னது: "ரெண்டு காலும் உளையுது, நிண்டு வேலை செய்யிறது, அதாலைதான்." பிள்ளை எசனில் பிறந்தவள். உளைவு என்ற சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த டொச், களைத்த கால்கள் என்பதுதான். "மூட பைன" என்று சொன்னாள். டொக்டர் எவ்வளவு வலி என்று கேட்டார். தாய் "பரவாயில்லை" என்றார். பிள்ளை "கேட் ஸோ" என்றாள். அதற்கு மேல் டொக்டர் என்ன செய்வார்? காலைத் தொட்டுப் பார்க்காமல் தராசில் ஏறச் சொன்னார். சோற்றைக் குறைக்கவேண்டும், நடக்கவேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்.

"அம்மா கூடச் சாப்பிடுறா எண்டு அவர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை அன்ரி" என்றாள் அவள். "அம்மா சாப்பிடுறதே இல்லை. வேலைக்குப் போனால் நிண்டுகொண்டு பாண்தான் தின்னுறா."

ஒரு சொல் மாறியதால் வலி என்ற விஷயமே அந்த அறைக்குள் நுழையவில்லை. ஜேர்மன் டொக்டர்மார் பின்பற்றுவதற்கென்று 2024இல் வந்த புதிய வழிகாட்டியின்படி இந்த நோயை நிர்ணயிப்பதே வலிதான். கால் பருத்திருப்பது மட்டும் போதாது. வலியோ, அழுத்தினால் நோவோ, பாரமோ இருந்தால்தான் லிப்போடேம். இல்லாவிட்டால் அது வெறும் உடல்வாகு. அதே வழிகாட்டி இன்னொன்றையும் சொல்கிறது. கால் எந்த அளவுக்கு உருக்குலைந்திருக்கிறது என்பதை வைத்து வலியை அளக்க முடியாது. மெலிதாக இருப்பவளுக்குப் பெரும் வலி இருக்கலாம், மிகப் பருத்தவளுக்குக் குறைவாக இருக்கலாம். ஆக, டொக்டருக்குக் கண்ணால் தெரிவது பாதி. மற்றப் பாதியை நாம் வாய் திறந்து சொல்லவேண்டும். "பரவாயில்லை" என்ற மரியாதைச் சொல்லை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

சொல்வதற்கு எம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அக்காவோடு இருந்து ஒரு பின்னேரம் எழுதினோம். காலையில் பாரம். மத்தியானம் தோல் வெடிக்கப்போவதுபோல இறுக்கம். இரவில் எலும்புக்குள் குடைவது. போர்வை பட்டால் எரிவு. படியேறினால் முழங்காலுக்கு மேலே இழுவை. ஒவ்வொன்றுக்கும் டொச்சில் ஒரு சொல் இருக்கிறது. பத்துக்குள் எத்தனை என்று டொக்டர்மார் கேட்பார்கள், அதில் எம்மவர் எல்லோரும் மூன்று என்பார்கள். பிள்ளை பெற்றதை எத்தனை என்பீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "பத்து." அதோடு பார்க்க இது? கொஞ்சநேரம் யோசித்துவிட்டு "ராவிலை ஏழு" என்றார். ஏழு என்பது மூன்றல்ல.

இரண்டாவது தடவை நாளக் கோளாறுகளைப் பார்க்கும் டொக்டரிடம் நான்தான் கூடப் போனேன். ஊரில் விலங்கியலைப் பாதியில் விட்டு வந்தவள் நான். அந்தப் பாதிப் படிப்பு இங்கே உதவிய இடம் இது ஒன்றுதான். டொக்டர் அக்காவின் தொடையைப் பெருவிரலால் அழுத்தினார், அக்கா கட்டிலில் இருந்து எழும்பிவிட்டார். விரலை எடுத்தபின் குழி நிற்கவில்லை. கணுக்காலைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், கால்விரல் தோலைக் கிள்ளினார். எல்லாமாகப் பத்து நிமிடம் இருக்காது. பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார்.

மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பிள்ளை அதற்கு முந்திய வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். தொடையிலிருந்த நீலத்தைக் கண்டுவிட்டு ஓர் ஆசிரியை வீட்டில் அடிக்கிறார்களா என்று விசாரித்ததும், யூகண்ட் அம்ற்றில் இருந்து ஆட்கள் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அந்தக் குடும்பம் இரண்டு மாதம் நித்திரையில்லாமல் கிடந்ததும் எனக்கு அன்றுதான் தெரியவந்தது. ஆசிரியை கேட்டதில் பிழையில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. நோயின் பெயர் தெரிந்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். டொக்டர் பிள்ளையின் காலையும் பார்த்தார். இப்போதுதான் தொடங்குகிறது என்றார். அக்கா தனக்கு இருக்கிறது என்றபோது அழவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றுதான் "என்ரை காலை அவளுக்குக் குடுத்திட்டன்" என்று அழுதார். ஒருவரும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை அக்கா என்றேன். அவர் காதில் விழுந்ததோ தெரியாது.

பெயர் என்று ஒன்று இருப்பதன் பெறுமதி இந்த நகரத்துக்கு நன்றாகத் தெரியும். நிலக்கரி தோண்டியவர்களின் நுரையீரலில் தூசி படிந்து வரும் சிலிக்கோசை ஜேர்மனியில் தொழில்நோய் என்று சட்டத்தில் எழுதியது 1929இல். அதற்கு முன்னும் அவர்கள் இருமினார்கள். எழுதிய பிறகு அந்த இருமலுக்கு நட்டஈடு கேட்க முடிந்தது. எசனின் கடைசிச் சுரங்கமான சொல்பெராயின் 1986இல் மூடப்பட்டது, இப்போது உல்லாசப் பயணிகள் போய்ப் படம் எடுக்கிறார்கள். சுரங்கத்து ஆண்களின் நோய்க்கு அலுவலகத்தில் ஒரு கோவை இருந்தது. பெண்களின் காலுக்கு அந்தக் கோவை கிடைக்க இன்னும் எத்தனையோ காலம் எடுத்தது. ஜேர்மன் நோய்ப் பட்டியலில் லிப்போடேமுக்குத் தனி இலக்கங்கள் வந்தது 2017இல்தான்.

காசுக் கதை இன்னும் நீளம். கொழுப்பை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சையைப் பல ஆயிரம் யூரோ சொந்தமாகக் கொடுத்துச் செய்தவர்கள் காஸவுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் காசல் நகரிலுள்ள சமஷ்டிச் சமூக நீதிமன்றம், போதிய ஆதாரம் இல்லை, காஸ கட்டத் தேவையில்லை என்றது. 2019 தொடக்கத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் யென்ஸ் ஸ்பான் இதைச் சட்டம் மூலம் மாற்ற முயன்றார். அந்த வருடம் செப்டெம்பரில், எதற்குக் காஸ காசு கட்டலாம் என்று தீர்மானிக்கும் கே-பே-ஆ என்ற சபை மூன்றாம் கட்ட நோயாளருக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதி கொடுத்தது. மூன்றாம் கட்டம் என்றால் சதை பாளம் பாளமாகத் தொங்கும் கட்டம். அதாவது உருவத்தைப் பார்த்தார்கள், வலியைப் பார்க்கவில்லை. இரவில் ஏழு என்று சொல்லும் முதற்கட்டப் பெண், இன்னும் உருக்குலைந்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்டாள். எனக்கு இதில் இன்றும் கோபம் ஆறவில்லை.

பிறகு 400க்கு மேற்பட்ட பெண்களை வைத்து லிப்லெக் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சை, மற்றவர்களுக்குக் காலுறையும் நிணநீர் உருவுதலும். சத்திரசிகிச்சை செய்தவர்களின் வலி மிகத் தெளிவாகக் குறைந்தது. அதை வைத்து 2025 யூலை 17ஆம் திகதி கே-பே-ஆ எல்லாக் கட்டத்தினருக்கும் அனுமதி கொடுத்தது. 2026 தொடக்கம் இது நடைமுறை. ஆனால் போன உடனே வெட்டமாட்டார்கள். அரை வருடம் காலுறை முதலான சிகிச்சைகளை ஒழுங்காகச் செய்தும் வலி போதிய அளவு குறையவில்லை என்று காட்டவேண்டும். அந்த அரை வருடத்தில் நிறை கூடியிருக்கக்கூடாது. பி.எம்.ஐ. 35க்கு மேலே இருந்தால் முதலில் உடற்பருமனுக்கு வைத்தியம் செய்யச் சொல்வார்கள். நோயென்று நிர்ணயிப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர். நிறை கூடினால் இந்த நோய் மோசமாகும் என்பதும் உண்மைதான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பட்டினி கிடந்தால் முகமும் மார்பும் மெலியும், கால் அப்படியே நிற்கும். "டயற் இருந்து முகம் வாடிப்போச்சு, கீழை ஒண்டும் குறையேல்லை" என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவளுடைய கணுக்காலைப் பாருங்கள். இதை ஜேர்மன் டொக்டருக்கு மட்டும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் "என்ன தங்கச்சி நல்லாப் பெருத்திட்டீர்" என்று குசலம் விசாரிக்கும் எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 1993இல் வந்த அகதிகள் உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடும் நோய்களுக்கும் வலிக்கும் மட்டும் வைத்தியம் என்கிறது. முன்னர் 18 மாதமாக இருந்த இந்த நிலை, 2024 பெப்ரவரிக்குப் பின் 36 மாதம். நாட்பட்ட நோய் என்றால் அலுவலகம் தட்டிக்கழிக்கப் பார்க்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் வலி என்ற சொல் எழுத்தில் இருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது என்று விண்ணப்பிப்பதற்கும், கால் வலியால் இரவில் நித்திரையில்லை என்று டொக்டரிடம் எழுதி வாங்கி விண்ணப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அக்காவுக்கு இப்போது அளவெடுத்துப் பின்னிய இறுக்கக் காலுறை வந்திருக்கிறது. ஊன்றுகோலும் சக்கரக் கதிரையும் விற்கும் கடையில், காலை நேரத்தில், பாதத்திலிருந்து இடுப்புவரை நாடாவால் அளந்தார்கள். தட்டைப் பின்னல், பின்பக்கம் ஒரு தையல் ஓடும், தடிப்பானது. இறப்பர்க் கையுறை போடாமல் அதை இழுத்து ஏற்ற முடியாது. முதல் நாள் இருபது நிமிடம் எடுத்தது, இப்போது ஏழு. பீற்சா அடுப்புக்குப் பக்கத்தில் யூலை மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது ஒரு தண்டனை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இரவில் ஏழு நான்காகியிருக்கிறது என்கிறார். தண்ணீருக்குள் நடப்பதும் நல்லது, தண்ணீரே காலை அமத்திப் பிடிக்கும் என்று டொக்டர் சொன்னார். நீச்சல் உடுப்புப் போட அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு மட்டுமான நேரம் எங்கேயாவது உண்டா என்று மகள் தேடிக்கொண்டிருக்கிறாள், தானும் வருவாளாம். முதலாளியிடம் உயரக் கதிரை ஒன்று கேட்டிருக்கிறோம். சலாட் வெட்டுவதற்கு நிற்கத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

காஸவுக்கு அனுப்பவேண்டிய தாள்களைப் போன கிழமை வேலை முடிந்தபின் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினோம். எவ்வளவு காலமாக வலி என்று ஒரு கேள்வி. அக்கா பெரியபிள்ளையானது 14 வயதில். 32 வருடம் என்று எழுதினோம். அரை வருடக் கணக்கு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.